அப்பாவின் பில் 2,610, அத்தையின் பில் பூஜ்யம்: சுகர், பிரஷர் மாத்திரையை எங்கே வாங்குவது?

அப்பாவுக்கு 71 வயது, அத்தைக்கு 68. உடன்பிறந்தவர்கள். பத்து வருடங்களுக்கு முன் ஆறு மாத இடைவெளியில் இருவருக்கும் சுகர் என்று தெரிந்தது, பிறகு பிரஷரும் சேர்ந்துகொண்டது. அப்பா மன்னார்குடியில் ஒரு தனியார் டாக்டரிடம் காட்டுகிறார். அத்தை பக்கத்துக் கிராமத்தில் இருப்பதால் ஆரம்ப சுகாதார நிலையத்தோடு சரி. போன தீபாவளிக்கு இரண்டு பேரும் சாப்பாட்டுக்கு முன் மாத்திரை டப்பாவைத் திறந்தபோதுதான் நான் கவனித்தேன். அப்பாவிடம் ஆறு வகை, அத்தையிடம் மூன்று. அப்பாவின் மாதச் செலவு 2,610 ரூபாய். அத்தைக்கு ஒரு பைசா கிடையாது.

இருவரையும் ஒரே நாளில் ஒரே லேபுக்குக் கூட்டிப்போய் மூன்று மாதச் சராசரி சர்க்கரை எனப்படும் ஹெச்பிஏ1சி எடுத்தேன். அப்பாவுக்கு 7.2, அத்தைக்கு 7.3. இரண்டு பேரை வைத்து வைத்தியத்தை எடைபோட முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் ஒரே குடும்பம், ஒரே நோய், கிட்டத்தட்ட ஒரே அளவு. செலவில் மட்டும் ஏன் இவ்வளவு தூரம் என்ற கேள்வி என்னை விடவில்லை. அப்பாவின் மாத்திரையை இனி எங்கே வாங்குவது என்று முடிவெடுக்க மூன்று மாதம் அலைந்ததில் தெரிந்துகொண்டது இது.

முதலில் பில்லைப் பிரித்துப் போட்டேன். கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த சுகர் மாத்திரை, தினம் இரண்டு: 450 ரூபாய். டெனிலிகிளிப்டின் என்ற இன்னொரு சுகர் மாத்திரை: 300. டெல்மிசார்டானும் அம்லோடிபினும் சேர்ந்த பிரஷர் மாத்திரை: 420. கொழுப்புக்கு ரோசுவாஸ்டாட்டின்: 540. காலையில் வெறும் வயிற்றில் போடும் கேஸ் மாத்திரை: 390. 'நரம்புக்கு' என்று சொல்லிக் கொடுத்த வைட்டமின் காப்ஸ்யூல்: 510. அதாவது சுகருக்கும் பிரஷருக்கும் கொழுப்புக்கும் 1,710. கேஸுக்கும் சத்துக்கும் மட்டும் 900, பில்லில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். பட்டியலிலேயே விலை கூடிய இரண்டில் ஒன்று அந்த காப்ஸ்யூல். அதை எப்போது, எதற்காக ஆரம்பித்தார் என்று அப்பாவுக்கே நினைவில்லை.

அத்தையின் டப்பாவில் இருந்தவை மெட்ஃபார்மின், அம்லோடிபின், கொழுப்புக்கு அடோர்வாஸ்டாட்டின். அட்டையின் பின்புறம் தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல என்ற அச்சு. வேறு கவர்ச்சி ஒன்றும் கிடையாது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டருக்கு டாக்டர் சீட்டு பெரிதாக மாறாது, அதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கப்பட்டது. மாநிலம் முழுவதற்குமான அரசு மருத்துவமனை மருந்துகளை அதுதான் டெண்டர் விட்டு மொத்தமாக வாங்குகிறது, கம்பெனிப் பெயரில் அல்ல, மருந்தின் பெயரில். வந்த சரக்கு மாவட்டக் கிடங்கில் இறங்கி, பரிசோதனைக்குப் போய், தேறியபின்தான் வெளியே வரும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பேங்க் பாஸ்புக் மாதிரி ஒரு பாஸ்புக். எடுத்த மருந்தின் மதிப்பு அதில் கழிந்துகொண்டே வரும். அங்கே உட்கார்ந்திருக்கும் டாக்டர் பட்டியலில் இருப்பதைத்தான் எழுத முடியும். அவரைப் பார்க்க வரும் மருந்துக் கம்பெனி ஆள் விற்றுவிட்டுப் போக அங்கே ஒன்றும் இல்லை.

தனியாரில் அந்த வேலி இல்லை. ஒரே பிரஷருக்கு ஒருவர் அம்லோடிபின் எழுதுவார், இன்னொருவர் சில்னிடிபின் எழுதுவார், மூன்றாமவர் இரண்டு மருந்து சேர்ந்த மாத்திரையை எழுதுவார். சில சமயம் நியாயமான காரணம் இருக்கும். அம்லோடிபினில் சிலருக்குக் கால் வீங்கும், அவர்களுக்கு மாற்றி எழுதுவது சரிதான். சிறுநீரகமோ இதயமோ பாதிக்கப்பட்ட சுகர்காரருக்கு டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எழுதினால், அதில் சர்க்கரையைக் குறைப்பதைத் தாண்டிய பலன் உண்டு. விலை கூடியது எல்லாம் வீண் என்று கிளம்பிவிடக் கூடாது. ஆனால் காரணமே இல்லாமல், பழக்கத்தாலும் பிராண்டாலும் மட்டும் கூடுகிற விலையும் நிறைய.

இங்கிலாந்தில் இந்த வித்தியாசத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அங்கே ஒவ்வொரு குடும்ப மருத்துவர் நிலையமும் என்ன மருந்து, எவ்வளவு, என்ன விலைக்கு எழுதியது என்ற கணக்கை மாதாமாதம் பொதுவில் வைக்கிறார்கள். ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகம் நடத்தும் ஓப்பன்பிரிஸ்கிரைபிங் என்ற தளம் அதை வரைபடமாகவே போட்டுக் காட்டுகிறது, எந்த நிலையம் மலிவான மருந்து இருக்கும்போதே விலை கூடியதை எழுதுகிறது என்பது உட்பட. நம்மூர் தனியார் கிளினிக்கில் அப்படி எதுவும் இல்லை. நமக்கிருக்கும் ஒரே புள்ளிவிவரம் அலமாரியில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவைத்த பில் கட்டு.

சரி, வழிகளைப் பார்ப்போம். எனக்கு முன்னால் நான்கு இருந்தன: அத்தை மாதிரி சுகாதார நிலையம், மத்திய அரசின் மக்கள் மருந்தகம் அல்லது மாநில அரசின் முதல்வர் மருந்தகம், இப்போது வாங்கும் மெடிக்கலிலேயே தள்ளுபடி கேட்பது, ஆன்லைன்.

சுகாதார நிலையத்தின் பலம் விலை மட்டுமல்ல. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். அத்தை வீட்டுக்கு வருபவர் அதே தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற பெண். "அத்தே, போன மாத அட்டையில இன்னும் ஏன் ஆறு மாத்திரை மிச்சம் இருக்கு?" என்று அவர் கேட்டதை நானே பார்த்தேன். அப்பாவின் டாக்டர் ஒருநாளும் மிச்ச மாத்திரையை எண்ணியதில்லை. பலவீனமும் உண்டு. பட்டியலில் இல்லாத மருந்து கிடைக்காது. டெண்டர் மாறினால் மாத்திரையின் நிறமும் வடிவமும் மாறும், 'வெள்ளை மாத்திரை, ரோஸ் மாத்திரை' என்று அடையாளம் வைத்திருக்கும் வயதானவர்கள் குழம்புவார்கள். கண், சிறுநீரகப் பரிசோதனை எல்லாவற்றையும் அங்கேயே முடித்துக்கொள்ள முடியாது. அத்தைக்கு விழித்திரை பார்த்து நான்கு வருடம் ஆகியிருந்தது.

மக்கள் மருந்தகத் திட்டம் 2008இல் தொடங்கியது, பெரிதாகப் பரவியது கடந்த பத்தாண்டில். கம்பெனி மாத்திரையைவிட 50 முதல் 90 சதவீதம் வரை குறைவு என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரி 24 அன்று 1,000 முதல்வர் மருந்தகங்களை ஒரே நாளில் திறந்தார்கள், கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகவும் பார்மசி படித்த தனியாட்கள் வழியாகவும். இரண்டிலுமே அடிப்படை ஒன்றுதான். பிராண்டுக்குக் காசு கொடுக்காமல் மருந்துக்கு மட்டும் கொடுப்பது. அப்பாவின் சுகர் மாத்திரைகள் இரண்டும் பிரஷர் மாத்திரையும் அங்கே எனக்கு மொத்தம் 270 ரூபாய்க்குக் கிடைத்தன. அதே மூன்றுக்கும் மெடிக்கலில் 1,170.

அப்பா ஒரே வார்த்தையில் முடித்தார். "அது வேலை செய்யாதுடா."

இதற்குப் பதில் சொல்வது அவ்வளவு சுலபமில்லை. தரமில்லாத மருந்து என்று மத்திய மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் வெளியிடும் பட்டியலில் மலிவு மருந்தும் வரும், பெயர்பெற்ற பிராண்டும் வரும். அதனால் விலையைத் தரத்துக்கு அத்தாட்சியாக வைத்துக்கொள்ள முடியாது என்று மட்டும் நிச்சயமாகச் சொல்லலாம். மக்கள் மருந்தகச் சரக்கு தொகுதி தொகுதியாகப் பரிசோதனைக்குப் போகிறது. சுகர், பிரஷர் மாத்திரையில் இன்னொரு வசதி, வேலை செய்கிறதா இல்லையா என்பதை வீட்டு மெஷினிலேயே அளந்துவிடலாம். எல்லா நோய்க்கும் அந்த வசதி கிடையாது. வலிப்புக்கான ஃபெனிடாயின், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், தைராய்டு மாத்திரை, உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பிந்தைய மருந்துகள், இவற்றில் அளவு துளி கூடினாலும் குறைந்தாலும் விளைவு தெரியும். அவற்றில் எந்த பிராண்டில் நிலையாக இருக்கிறீர்களோ அதிலேயே இருப்பது நல்லது. மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் டாக்டரிடம் சொல்லி, பரிசோதனையோடு மாற்ற வேண்டும்.

மெடிக்கலில் தள்ளுபடி என்ற மூன்றாவது வழியை நான் குறைத்து மதிப்பிட்டிருந்தேன். பத்து வருடமாக வாங்கும் கடைக்காரரிடம் கேட்டால் 10 சதவீதம் உடனே குறைப்பார், கூட்டுறவு மருந்தகத்தில் 20 வரை போகும். ஆனால் கடைக்காரரால் தன் இஷ்டத்துக்கு மலிவான பிராண்டை மாற்றித் தர முடியாது. "டாக்டர் எழுதினதை நான் மாத்தினா தப்பு சார்" என்று அவர் சொன்னபோது சாக்கு என்றுதான் நினைத்தேன். உண்மையிலேயே விதி அப்படித்தான். அட்டவணை ஹெச்-இல், அதாவது டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற பட்டியலில், வரும் மருந்துக்குச் சீட்டில் உள்ளதுக்குப் பதில் வேறொன்றை, உள்ளே அதே மருந்து இருந்தாலும், கொடுக்கக் கூடாது என்று மருந்து விதிகள் சொல்கின்றன. ஆக, டாக்டர் பிராண்ட் பெயர் எழுதியவுடன் விலை அங்கேயே முடிவாகிவிடுகிறது. ஜெனரிக் பெயரை, அதாவது பிராண்ட் பெயரை விட்டு மருந்தின் பெயரை, முடிந்தால் பெரிய எழுத்தில், எழுத வேண்டும் என்று 2016இல் மருத்துவ கவுன்சில் விதியைத் திருத்தியது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் இன்னும் கறாராக ஒரு விதி கொண்டுவந்து, மூன்றே வாரத்தில் நிறுத்திவைத்தது. மலிவு மருந்தின் தரத்துக்கு முதலில் உத்தரவாதம் கொடுங்கள் என்பது டாக்டர்களின் வாதம். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

சில மெடிக்கல்களில் 'ஜெனரிக் தரட்டுமா, பாதி விலை' என்று கேட்பார்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கடைகளுக்காகவே தயாராகும் சில மாத்திரைகளில் எம்ஆர்பி பெரிய பிராண்டுக்கு நிகராக அச்சாகியிருக்கும், கடைக்கு வரும் விலையோ அதில் சிறு பகுதி. 100 என்று அச்சடித்ததை 50க்குக் கொடுத்தாலும் கடைக்கு நல்ல லாபம், நமக்கும் நிம்மதி. அதையே மக்கள் மருந்தகத்தில் 20க்கு வாங்கியிருக்கலாம். தள்ளுபடி சதவீதத்தைப் பார்க்காமல் ஒரு மாத்திரை எத்தனை ரூபாய் என்று வகுத்துப் பாருங்கள். அட்டைக்கு 10 வருமா 15 வருமா என்பதிலும் ஏமாறுவோம்.

ஆன்லைனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெரிய பிராண்டுக்கு நல்ல தள்ளுபடி, வீட்டுக்கே வரும். வெளியூரிலிருந்து பெற்றோருக்கு அனுப்ப வசதி. விலை ஒப்பிட நான் அதைத்தான் பயன்படுத்தினேன். ஆனால் அப்பாவுக்கு மாத்திரை தீரும் நாளும் பார்சல் வரும் நாளும் ஒத்துப்போனதே இல்லை.

அரசு விலையைக் கட்டுப்படுத்தவில்லையா என்று கேட்கலாம். கட்டுப்படுத்துகிறது, பாதி. 2013ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கு உச்ச விலை உண்டு. சந்தையில் ஒரு சதவீதமாவது பங்கு வைத்திருக்கும் பிராண்டுகளின் விலைகளைக் கூட்டிச் சராசரி எடுத்து, கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர்த்தால் வருவதுதான் அந்த உச்ச விலை. கவனியுங்கள், தயாரிப்புச் செலவு இதில் எங்குமே இல்லை. விலை கூடிய பிராண்டுகள் சராசரியையே மேலே இழுத்துக்கொண்டு போகும். பட்டியலில் இல்லாதவற்றுக்கு வருடத்துக்கு 10 சதவீதம் வரை ஏற்றிக்கொள்ளலாம். மெட்ஃபார்மின் பட்டியலில் உண்டு, கிளிமிபிரைடும் உண்டு. இரண்டையும் சேர்த்து ஒரே மாத்திரையாக்கிய கலவைகளில் பெரும்பாலானவை இல்லை. அப்பாவின் சீட்டில் கூட்டு மாத்திரைகள் ஏன் இத்தனை என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் ஆறு மாத்திரை போடும் 71 வயதுக்காரருக்கு இரண்டை ஒன்றாக்குவது உபகாரம்தான், அதையும் மறுக்க முடியாது. காப்புரிமை முடிந்ததா என்பது இதையெல்லாம்விடப் பெரிய விஷயம். எம்பாகிளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரையின் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்தது. ஒரு மாத்திரை 60 ரூபாய் அளவில் விற்றது, சில பிராண்டுகளில் பத்து ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது. பழைய சீட்டையே வருடக்கணக்கில் நீட்டுகிறவர்களுக்கு இது தெரியவே வராது.

இவ்வளவும் படித்துவிட்டு நான் செய்தது ஒரு முட்டாள்தனம். கடையை முதலில் மாற்றினேன். கிடைத்ததை எல்லாம் ஒரே நாளில் மக்கள் மருந்தகத்தில் வாங்கி, டப்பாவில் போட்டுவிட்டுச் சென்னைக்கு பஸ் ஏறிவிட்டேன். பழைய அட்டைகளை எடுக்கவில்லை. நான்காம் நாள் காலை பதினொரு மணிக்கு அம்மா போன் செய்தார். அப்பாவுக்கு உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம். மெஷினில் 62. நல்லவேளை, நினைவு தப்பவில்லை. சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் மீண்டும் பார்த்து, சாப்பாடு கொடுத்து, எல்லாம் சரியானபின் அம்மா டப்பாவைத் திறந்து வீடியோ காலில் காட்டினார். பழைய அட்டையிலும் ஒன்று போட்டிருக்கிறார், புதிய அட்டையிலும் ஒன்று. பெயர் வேறு, நிறம் வேறு. உள்ளே இருந்தது அதே கிளிமிபிரைடு.

அதற்குப் பிறகுதான் வரிசையை மாற்றினேன். கடையை விட்டுவிட்டுச் சீட்டிலிருந்து ஆரம்பித்தேன். அப்பாவோடு டாக்டரிடம் போய், பில்லைக் காட்டி, குறை சொல்லாமல் இரண்டே கேள்வி: இதில் எதை நிறுத்தலாம்? மற்றதை ஜெனரிக் பெயரில் எழுதித் தர முடியுமா? டாக்டர் கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த கேஸ் மாத்திரையை நான் ஒரு மாசத்துக்குத்தானே எழுதினேன்?" என்றார். மூன்று வருடமாக அப்பா அதே சீட்டை நீட்டி வாங்கிக்கொண்டிருந்தார். மெட்ஃபார்மின் நெடுநாள் போட்டால் பி12 குறையலாம், அதனால் காப்ஸ்யூலை அப்படியே நிறுத்தச் சொல்லாமல் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார். அளவு நன்றாகவே இருந்தது, அதுவும் நின்றது. 900 ரூபாய் கடை மாற்றாமலே போயிற்று.

மீதி நான்கில் மூன்றை ஒவ்வொன்றாக, இரண்டு வார இடைவெளியில் மாற்றினோம். ஒன்று மாறும்போது அதன் பழைய அட்டை வீட்டிலேயே இருக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் பிரஷரையும் காலண்டரிலேயே எழுதினார்கள். முதல் வாரம் அப்பா சந்தேகத்தோடு தினம் இரண்டு முறை குத்திப் பார்த்தார், பிறகு அவருக்கே அலுத்துவிட்டது. மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி 7.1. ரூபாய்க் கணக்கில் கடை மாற்றியதிலும் சீட்டைச் சுருக்கியதிலும் மிச்சம் சமம்தான், ஆளுக்கு 900 மாதிரி. இருந்தாலும் என்னைக் கேட்டால் சீட்டைத்தான் முதலில் தொடுங்கள் என்பேன். ஆறு பெயரை ஒரே நேரத்தில் மாற்றுவதைவிட நான்கை மாற்றுவது சுலபம், தேவையில்லாத மாத்திரையை மலிவாக வாங்கினாலும் அது தேவையில்லாததுதான்.

இப்போதுதான் சுகர், பிரஷர் என்று தெரிந்த, வேறு சிக்கல் இல்லாத ஆளாக நான் இருந்தால் யோசிக்காமல் அத்தையின் வழிக்கே போவேன். கண், சிறுநீரகப் பரிசோதனையை மட்டும் வருடத்துக்கு ஒருமுறை மாவட்ட மருத்துவமனையிலோ தனியாரிலோ பார்த்துக்கொள்வேன். நம்பிக்கையான டாக்டர் ஏற்கெனவே இருந்து, நான்கைந்து மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால் அவரையே வைத்துக்கொண்டு மக்கள் மருந்தகம் அல்லது முதல்வர் மருந்தகம். இன்சுலின் போடுகிறவர்கள் விலை பார்த்துப் பேனாவிலிருந்து குப்பிக்கு மாறுவதானால் டாக்டர் இல்லாமல் மாறக் கூடாது. நம்மூர்க் குப்பி பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், பேனா கார்ட்ரிட்ஜ் 100 யூனிட். சிரிஞ்ச் மாறினால் அளவு தலைகீழாகிவிடும். மாற்றவே மனம் ஒப்பாத பெரியவர்களிடம் மல்லுக்கு நிற்க வேண்டாம். தள்ளுபடி கேட்டு அதே பிராண்டை வாங்கிக் கொடுத்துவிடலாம். விலை குறைந்தது என்பதற்காக மாத்திரையையே ஒதுக்கிவைத்தால் எந்த மிச்சமும் மிச்சமில்லை.

அப்பாவின் பில் இப்போது 810 ரூபாய். அதில் 540 இன்னும் அந்த ரோசுவாஸ்டாட்டின்தான், ஏனென்றால் மக்கள் மருந்தகத்தில் அது இரண்டு மாதமாக ஸ்டாக் இல்லை. இந்த வழியின் நிஜமான குறை தரமல்ல, இதுதான். போன வாரம் மறுபடி போன் செய்து கேட்டேன். "லோடு வந்துடுச்சு சார், இன்னும் பிரிக்கலை. வியாழக்கிழமை அப்பாவை வரச் சொல்லுங்க, பழைய சீட்டு வேண்டாம், புதுச் சீட்டோட" என்றார்கள்.